முந்திரிகை வத்தல்

மேசைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் கெட்டியான சீனிப்பாகு. நடுவில், கொட்டாஞ்சேனையிலிருந்து மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்த என் வாழையிலைப் பொட்டலம்.

பொட்டலத்தை நானேதான் பிரித்தேன். நாரை அவிழ்த்து, இலையை விரித்து, பெருமையாக நடுவில் தள்ளி வைத்தேன். வெள்ளை வெளேரென்று, ஒன்றுகூட உடையாத முழு முந்திரிப் பருப்புகள். அப்பா கடை டின்னிலிருந்து தன் கையால் பொறுக்கிக் கொடுத்தவை.

எங்கள் சயன்ஸ் டீச்சர் மிஸ் அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பின்வரிசை வாங்குப் பலகையில், பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார அம்மையார் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன, செண்பகம்?" என்று மிஸ் இங்கிலிஷில் கேட்டார்.

"ரெய்சின்ஸ், மிஸ்," என்றேன் நான்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! கடலோரத்தில் ரயில் போகும்போதெல்லாம் எங்கள் வகுப்பு ஜன்னல்கள் கடகடவென்று ஆடும். அன்றைக்கு ரயில் வராமலே ஆடின. வகுப்பு சிரித்தது எனக்குப் பெரிதில்லை. என்னோடு ஒட்டிக்கொண்டு நின்ற யோகமும் சிரித்தாள். அதுதான் பெரிது.

இரண்டு பேருக்கு ஒரு மேசை

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் என்னைக் கோவில் வாசலில் பிடித்துக்கொண்டார். "கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? வெள்ளவத்தை வரைக்கும் போய்ப் படிக்க என்ன வந்தது உங்களுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். தேங்காய் உடைக்க ஆள் காத்துக்கொண்டு நின்றதால் தப்பித்துக்கொண்டார்.

பஞ்சமில்லைதான். ஆனால் பெண்பிள்ளைகள் கையில் கண்ணாடிக் குழாயைக் கொடுத்துச் சயன்ஸ் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் என்று எங்கள் அப்பா காதில் விழுந்தது அந்த ஒன்றுதான். அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு சைவக் கடை நடத்திக்கொண்டிருந்தார். காலையில் இட்டலி, மத்தியானம் சோறு, வெள்ளிக்கிழமை பாயசம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது கொழும்பு என்றாலும், வாசற்படிக்கு உள்ளே பேசியதெல்லாம் திருநெல்வேலிப் பேச்சுத்தான்.

அம்மாவுக்கு என் படிப்பில் நம்பிக்கை கிடையாது. ஊரில் அவளுடைய அண்ணன் மகன் ஒருவன் எனக்கென்று வளர்ந்துகொண்டிருந்தான். அப்பா விட்டுக்கொடுக்காததால், கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"ஏட்டி, கேட்டுக்கோ. அந்தப் பெரிய சயின்ஸு வகுப்புல உன் பேரு வந்துச்சுன்னா படி. நான் குறுக்க நிக்கல. வரலைன்னா பேசாம ஊருக்குப் போயி மாமன் வீட்டுல வெளக்கேத்து."

எனக்கு டாக்டர் ஆசையெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆய்வுகூடத்து வாசனைமேல்தான் ஆசை. ஸ்பிரிட் விளக்கும் பழைய மரமும் கடற்காற்றும் சேர்ந்த ஒரு வாசனை. அங்கே நின்றால் எனக்கு நான் யாரோ பெரிய மனுஷி என்று தோன்றும்.

டாக்டர் ஆசை யோகத்துக்குத்தான். முழுப்பெயர் யோகேஸ்வரி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தகப்பனாருக்குக் கோட்டையில் கந்தோரில், அதாவது ஆபீசில், உத்தியோகம். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் வீடு. வீட்டில் பூனைக்குக் கால் முறிந்தால்கூடத் தென்னோலை ஈர்க்கு வைத்துக் கட்டுவாள். அவள் தகப்பனாரும் ஒரு கணக்குத்தான் வைத்திருந்தார்: சயன்ஸ் வகுப்பில் இடம் கிடைத்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கலாம்.

அடுத்த வருஷத்து அந்தப் பெரிய சயன்ஸ் வகுப்பில் இடம் கிடைக்க ஒரு வழிதான் இருந்தது. சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து கண்ணாடிச் சாமான் கப்பலில் வருவது நின்றுபோயிற்று. இருந்த குழாய்களும் தட்டுகளும் சில மேசைகளுக்குத்தான் காணும். ஆகவே தலைமை ஆசிரியை ஒரு சட்டம் போட்டார். இரண்டு பேருக்கு ஒரு மேசை. தவணை முடிவில் சோடி சோடியாக எழும்பிப் பெயர் கொடுக்க வேண்டும். சோடி இல்லாத பிள்ளைக்கு மேசையும் இல்லை, வகுப்பும் இல்லை.

நானும் யோகமும் முதல் நாளே சோடி. அவளுக்குக் கை சுத்தம், எனக்கு வாய் நீளம். இரண்டும் ஒரு மேசைக்கு வேண்டியதுதான் என்று மிஸ்ஸே சொல்லியிருக்கிறார்.

முட்டை படுத்திய பாடு

அந்தத் தவணை முழுவதும் எங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான். உயிருள்ளவற்றின் தோல் எதை உள்ளே விடும், எதை விடாது.

முதலில் ஒரு போத்தல் தண்ணீரில் ஓர் ஊதாக் கல்லைப் போட்டுக் காட்டினார் மிஸ். கிணற்றுக்குப் போடுவோமே, அந்தக் கல். யாரும் கலக்கவில்லை. அது பாட்டுக்கு நூல் நூலாக இறங்கி, பள்ளி விடும்போது போத்தல் முழுவதும் ஊதா. நெருக்கமாக இருப்பது இடம் இருக்கும் பக்கம் போகும், அவ்வளவுதான் என்றார். கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் ஆறேழு பேரோடு படுத்தவளுக்கு அதைச் சொல்லித் தரவா வேண்டும்!

அப்புறம் முட்டை. வினாகிரி என்கிற வினிகரில் ஊறப்போட்ட முட்டையின் ஓடு கரைந்து, உள்ளே இருந்த மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியது. அதைத் தண்ணீரில் விட்டால் வீங்கியது. பாகில் விட்டால் சுருங்கியது. மிஸ் அதை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார். என் கையிலும் வைத்தார். குளிர்ந்து, தொளதொளவென்று, உயிரோடு இருப்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அம்மாவிடம் சொன்னேன்.

"முட்டையத் தொட்டியா? சைவக் கடைக்காரன் மவ முட்டையத் தொட்டியா? அடி பாவி, உள்ள வராத! போ, தலையோட தண்ணி ஊத்து!"

பின்பக்கத்துக் குழாயடியில், பள்ளிச் சட்டையோடு, அம்மா வாளி வாளியாக ஊற்றினாள். தண்ணீர் தோலுக்குள் போகும் விதத்தை அதற்குமேல் விளக்கமாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

இப்போது பள்ளிக்கூடங்களில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர். இந்தியப் புத்தகத்தில் பார்த்தால் சவ்வூடு பரவல் என்று போட்டிருக்கிறார்கள். ஒரே காரியம், ஒரே தமிழ், இரண்டு பெயர். இந்தக் கரைப் பிள்ளையும் அந்தக் கரைப் பிள்ளையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு அந்த நாளில் எந்தப் பெயரும் இல்லை. வகுப்புக்குள் தமிழே கிடையாது. வாயைத் திறந்தால் இங்கிலிஷ். மறந்துபோய் ஒரு தமிழ்ச் சொல் வந்துவிட்டால், வகுப்பு முடியும்வரை சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மிஸ் அருமைநாயகமும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். வீட்டில் நல்ல தமிழ் பேசுபவர்தான். ஆனால் வகுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அவருக்கும் அதே சட்டம்.

வாங்குக்கு அடியில் கேட்ட கேள்வி

வெள்ளைக்கார அம்மையார் வரப்போகிறார் என்று தெரிந்ததும் மிஸ் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வேலை கொடுத்தார். சிலருக்கு உருளைக்கிழங்கு. சிலருக்குப் பப்பாசித் தண்டு. எங்களுக்கு வந்தது ரெய்சின்ஸ். தண்ணீரில் போட்டால் அது உப்ப வேண்டும், பிறகு பாகில் போட்டால் மறுபடி சுருங்க வேண்டும். சாமான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பாகு யோகத்தின் பொறுப்பு, ரெய்சின்ஸ் என் பொறுப்பு.

ரெய்சின்ஸ் என்றால் என்ன? சத்தியமாக எனக்குத் தெரியாது. எழும்பிக் கேட்கவும் வெட்கம். குனிந்து, பென்சிலைத் தேடுவதுபோல் வாங்குக்கு அடியில் தலையை விட்டு யோகத்தைக் கேட்டேன்.

"ஏய், ரெய்சின்ஸுன்னா என்ன?"

அவளும் குனிந்தாள். "முந்திரிகை வத்தல். உங்கட கடையில இருக்குமே, பாயாசத்துக்குப் போடுறது."

"ஓ, முந்திரியா! டின்னு டின்னா இருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. பெருசாப் பாத்துக் கொண்டு வா."

அவ்வளவுதான் பேச்சு. அவள் சொன்னது அவளுக்குச் சரி. நான் கேட்டது எனக்குச் சரி. கடையில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கடை முந்திரி வெள்ளைக்காரி முன்னால் பரீட்சைக்குப் போகிறதென்றால் சும்மாவா! டின்னைக் கவிழ்த்துக் கொட்டி, உடைந்ததை ஒதுக்கி, முழுசை மட்டும் பொறுக்கினார். நல்ல இலையாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார்.

"ஒடையாம எடுத்துட்டுப் போம்மா," என்றார்.

இங்கிலிஷில் ஒரு சண்டை

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் எனக்குக் காது சுட்டது. யோகத்தைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம்.

"நீதானே சொன்..." என்று தொடங்கினேன்.

"இங்கிலிஷ்!" என்றார் மிஸ். கண் பின் வாங்குப் பக்கம் போய் வந்தது.

சரி, இங்கிலிஷ். என் இங்கிலிஷைக் கொண்டு நான் என்ன செய்வேன்? இவள்தான் எனக்குக் கஜு என்று சொன்னாள், மிஸ் என்றேன். கஜு என்றால் கொழும்பில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் வீட்டு முந்திரிதான். அதற்கு இங்கிலிஷ் தெரியாததால் அதையே சொன்னேன்.

யோகத்தின் சிரிப்பு பட்டென்று நின்றது. இல்லை மிஸ், நான் கஜு என்று சொல்லவே இல்லை, ரெய்சின்ஸைத்தான் சொன்னேன் என்றாள் அவளும் இங்கிலிஷில்.

சொன்னாள் மிஸ். சொல்லவில்லை மிஸ். சொன்னாள். இல்லை.

"லையர்!" என்று கத்திவிட்டேன் நான். பொய்க்காரி. அந்தச் சொல்லுக்கு மட்டும் எனக்கு இங்கிலிஷ் தெரிந்திருந்தது பாருங்கள்.

எங்கள் இரண்டு பேர் தொண்டைக்குள்ளும் ஒரு சொல் நின்றுகொண்டிருந்தது. முந்திரிகை. அதை ஒருத்தி வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மிஸ் அருமைநாயகத்துக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். அவரும் சிரித்திருப்பார், நாங்களும் சிரித்திருப்போம். ஆனால் அது தமிழ்ச் சொல். வெள்ளைக்கார அம்மையார் முன்னால் அதை வெளியே விட எங்களுக்கு வழியில்லை. ஒரு வகுப்பு முழுவதும் தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் டீச்சர், ஒரு தமிழ்ச் சொல்லால் வந்த தகராறு. அதைத் தமிழில் தீர்க்க முடியவில்லை.

"எனாஃப்," என்றார் மிஸ். பக்கத்து மேசைக்காரியிடமிருந்து உருளைக்கிழங்கு கடன் வாங்கிப் பரிசோதனை நடந்தது. கிழங்கைக் குடைந்து சீனி போட்டோம், தட்டில் தண்ணீர் ஊற்றினோம். அவ்வளவு கை சுத்தமான யோகம் சீனியை மேசையெல்லாம் கொட்டினாள்.

வெளியே வந்தாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம். அவள் என்னை வேண்டுமென்றே மாட்டிவிட்டுச் சிரித்தாள் என்று நான் நம்பிவிட்டேன். நான் என் பிழையை மறைக்க அவளைப் பொய்க்காரி ஆக்கினேன் என்று அவள் நம்பிவிட்டாள். இரண்டு பேருக்கும் ரோஷம். நான் வாங்கு மாறி உட்கார்ந்தேன். மற்றப் பிள்ளைகள் எனக்குக் கஜு என்று பெயர் வைத்தார்கள். ரயிலடி வரைக்கும் "கஜு, கஜு" என்று விற்கிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே வருவார்கள். யோகம் மட்டும் ஒருநாளும் கூப்பிடவில்லை. அதைக்கூட நான் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சோடி சோடியாகப் பெயர் கொடுக்கும் நாள் வந்தது. யோகத்துக்கா சோடி கிடைக்காது? அவள் கை சுத்தத்துக்கு வகுப்பில் பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள். அவள் வேறொருத்தியோடு எழும்பி நிற்பதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அவளுக்கு என் பெயர் வராவிட்டால் லாபம்தானே.

நத்தாருக்கு முந்தின நாட்கள்

கொட்டாஞ்சேனையில் நத்தார் வந்தால், அதுதான் கிறிஸ்துமஸ், எல்லார் வீட்டிலும் நத்தார். பக்கத்து வீட்டு மார்கிரட் அக்கா கேக் அடிக்கத் தொடங்கினால் எங்கள் வீடு வரைக்கும் ஏலக்காய் மணக்கும். முட்டை போட்ட கேக் என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் ஜன்னல் பக்கம் போய் நிற்பேன்.

"செண்பகம், சந்திக் கடைக்குப் போய்க் கொஞ்சம் ப்ளம்ஸ் வாங்கிட்டு வாறியா, மகள்? கேக்குக்குக் காணாது," என்றார் அக்கா.

ப்ளம்ஸ் என்று அக்கா சொன்னால் எங்கள் வீட்டுக் கிஸ்மிஸ் என்று எனக்குத் தெரியும். சந்திக் கடை முதலாளி சிங்களவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். கேக்குக்குப் போடுகிற, கறுப்பாய்ச் சுருங்கின, இனிப்பான சாமான் என்றேன்.

"ஆ, முத்தரப்பலம்த, நங்கி?" என்றார் அவர். முத்தரப்பலமா, தங்கச்சி என்று அர்த்தம்.

"மொனவத?" என்றேன். என்னது?

டின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கிஸ்மிஸ். "முத்தரப்பலம்," என்றார் மறுபடி, செவிடிக்குச் சொல்வதுபோல்.

முத்தரப்பலம். நீங்களும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முந்திரிகைப் பழம்.

கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். முதலாளி சுருளில் கட்டிக் கொடுத்ததை எப்படி வாங்கினேன் என்று நினைவில்லை. வந்ததும் வராததுமாக மார்கிரட் அக்காவைக் கேட்டேன்.

"அக்கா, யாழ்ப்பாணத்து ஆக்கள் முந்திரிகைன்னு எதைச் சொல்லுவாங்க?"

"இதைத்தான். திராட்சையைத்தான் அவங்க முந்திரிகை எண்டு சொல்லுவாங்க. காய்ஞ்சா முந்திரிகை வத்தல். ஏன், என்ன வந்தது உனக்கு? முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

அப்போ கஜுவை என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அது மரமுந்திரிகை என்றார் அக்கா, மாவைக் குழைத்துக்கொண்டே.

யோகம் பொய் சொல்லவில்லை. அவள் எனக்குச் சரியானதைத்தான் சொன்னாள். பெரிதாகப் பார்த்துக் கொண்டுவா என்றுகூடச் சொன்னாள். அவள் தமிழ்ச் சொல் எனக்கு விளங்குவதற்கு ஒரு சிங்கள முதலாளி வேண்டியிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பள்ளி திறந்த உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். எப்படியும் அவள் பெயர் கொடுத்திருப்பாள், அவளாவது அந்த வகுப்பில் இருப்பாள், எனக்கு அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வைக்கோலும் தேயிலைப் பெட்டிகளும்

பள்ளி திறந்தது. திறந்ததோடு சரி. அதற்குள் ஜப்பான்காரனும் சண்டைக்குள் வந்துவிட்டான். கொழும்பில் குண்டு விழும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எங்கள் கட்டடத்தைப் பட்டாளத்துக்குக் கேட்டுவிட்டார்கள். பிள்ளைகள் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அறிவித்தார் தலைமை ஆசிரியை.

ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். தரையெல்லாம் வைக்கோல். தேயிலைப் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. மிஸ் அருமைநாயகம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் யோகம், தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நேரே போய் அவள் முன்னால் நின்றேன். தமிழில்தான் பேசினேன். மிஸ் "இங்கிலிஷ்" என்று தடுக்கவில்லை.

"யோகம், எங்க வீட்ல முந்திரின்னா கஜுடி. திராட்சைய நாங்க முந்திரின்னு சொல்லவே மாட்டோம். எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"கஜுவையோ? கஜுவையோ நீங்கள் முந்திரி எண்டுறனீங்கள்?"

"ஆமா."

"எடியே!" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். மிஸ் திரும்பிப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு சொல் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ பிள்ளையள்?" என்றார். அப்புறம் தன் சட்டமே ஞாபகம் வந்தது போலும். தலையைக் குனிந்துகொண்டு மறுபடி குழாயைச் சுற்றத் தொடங்கினார்.

"சரி விடு," என்றேன் நான் யோகத்திடம். "என் பேருதான் இல்லே. நீயாச்சும் டாக்டராகு. எனக்குக் காய்ச்சல் வந்தா காசு வாங்காம மருந்து குடு."

யோகம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"என்ர பேரும் இல்லை," என்றாள்.

"ஏன்? யாரும் சோடிக்குக் கிடைக்கலியா?"

"கேட்டவையள். ரெண்டு மூண்டு பேர் கேட்டவையள். நான் மாட்டன் எண்டிட்டன். என்ர சோடி நீதானே. அண்டைக்கு நான் தனிய எழும்பி உன்ர பேரையும் சேத்துத்தான் சொன்னனான். பிள்ளை தானே வந்து நிக்கோணும் எண்டு மிஸ் சொல்லிப்போட்டா. நீ வரேல்லை."

"நீ வந்து எங்கிட்டப் பேசியிருக்கலாமேடி!"

"நீயெல்லோ என்னைப் பொய்க்காரி எண்டனீ. நான் எப்பிடி வாறது?"

வாய் நீளம் என்று பெயர் வாங்கினவள் நான், அவள் துடைத்து வைத்த தட்டையே எடுத்து மறுபடி துடைத்தேன். நான் எந்த வகுப்பில் அவள் சுகமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேனோ, அந்த வகுப்புக்கு வெளியே என்னை எதிர்பார்த்துக்கொண்டே அவளும் நின்றிருக்கிறாள்.

அந்தக் கிழமையே அவர்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறியது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சயன்ஸ் இல்லை, தகப்பனார் இனிப் படித்தது போதும் என்கிறார் என்று அவளே சொன்னாள். போகும்போது, "போட்டு வாறன்" என்று என் கையைப் பிடித்தாள். என்னையும் அம்மா தலைமன்னார் வழியாக ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சொன்னபடி மாமன் வீட்டில் விளக்கேற்றினேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன். சண்டை முடிந்ததும் அவரோடுதான் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்தேன். வெள்ளவத்தை ஒழுங்கையில் அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். யோகத்தை அவர்களுக்குத் தெரியவில்லை.

கோபத்தில் அறுத்த மூக்கு சிரித்தால் வருமா என்பார்கள். நாங்கள் சிரிக்கத்தான் சிரித்தோம். எனக்குப் போனது ஒரு வாசனைதான். அவளுக்குப் போனது அவள் நினைத்து வைத்திருந்த முழு வாழ்க்கை. அதை அவளிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. எனக்காக அவளே கையை விட்டாள். எல்லோரும் சோடி சோடியாக எழும்பி நின்ற அந்த வகுப்பில், அவள் மட்டும் தனியாக எழும்பி என் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

அதை நான் பார்க்கக்கூட இல்லை.